கட்டுத்தாரைச் சுவருக்கு மண்ணா, சுண்ணாம்பா, சிமெண்டா?

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் தாத்தா காலத்துக் கட்டுத்தாரை, அதாவது மாட்டுக்கொட்டகை, ஒன்று நிற்கிறது. கருங்கல் சுவர், செம்மண் சாந்து, மேலே ஓடு. வடக்குச் சுவர் வயிறு தள்ளி, போன ஐப்பசி மழையில் ஒரு மூலை சரிந்துவிட்டது. கல்லுக்குச் செலவில்லை, எல்லாம் அங்கேயே கிடக்கிறது. கல்லுக்கு நடுவே எதை வைத்துக் கட்டுவது என்பதில்தான் பேச்சு நீள்கிறது.

மேஸ்திரிக்குக் குழப்பமே இல்லை. "மண்ணுல கட்டுனா எலி வங்கு வெச்சிருமுங்க. சிமெண்டே போட்டுக்கலாமுங்க."

அவர் பேச்சிலும் நியாயம் உண்டு. மூட்டையை இறக்கிய அன்றே வேலை தொடங்கும், எந்தக் கொத்தனாருக்கும் பழகிய சரக்கு. சிமெண்ட் கல்லையே தின்றுவிடும் என்று மரபுக் கட்டட ஆர்வலர்கள் பயமுறுத்துவது கருங்கல்லுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. மணற்கல் மாதிரி மென்மையான கல்லுக்குத்தான் அந்த ஆபத்து. ஆனால் மண்ணில் கட்டிய சுவருக்கு வெளியே மட்டும் சிமெண்ட் பூசுவது வேறு கதை. தெற்குச் சுவரில் பத்து வருஷத்துக்கு முன் நாங்களே அதைச் செய்தோம். தரை ஈரமும் மாட்டு மூத்திரத்தின் உப்பும் வெளியேற வழியில்லாமல் போயின. இன்று தட்டினால் பூச்சு டொக்கு டொக்கென்கிறது. விரிசலில் விரலை விட்டால் பின்னால் இருக்கும் மண் புட்டு மாவாக உதிர்கிறது. கீழ் வரிசை முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது.

சுண்ணாம்பு இதற்கு நேர் எதிர். ஈரத்தை வெளியே விடும், மழைக்கும் மண்ணைவிடத் தாங்கும். ஆனால் பொறுமை வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்ற வேண்டும். கொதித்துப் பொங்கும்போது கிட்டே நிற்கக் கூடாது. வாரக்கணக்கில் ஊறவிட்டு, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். இறுகுவதும் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான். இரண்டடிச் சுவரின் நடுவே காற்று எங்கே போகும்? செங்கல் தூள் கலக்காவிட்டால் உள்ளே வருஷக்கணக்கில் இளக்கமாகவே கிடக்கும். மாட்டுக்கொட்டகைச் சுவர் முழுவதற்கும் அந்தச் செலவு வீண் என்பது என் கணக்கு.

மண்ணுக்குத் தண்ணீர் ஒன்றுதான் எதிரி. எங்கள் சுவரும் மண்ணால் விழவில்லை. உடைந்த ஓடுகளை மாற்றாமல் விட்டதில் மழை சுவர்த் தலைக்குள் இறங்கியது. பிரிக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது: உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று, நடுவில் வெறும் கல்சில்லு. இரண்டையும் கோக்கும் குறுக்குக்கல் ஒன்றுகூட இல்லை. 1993 லாத்தூர் நிலநடுக்கத்தில் கல்வீடுகள் அப்படி இடிந்து விழுந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். எந்தச் சாந்து போட்டாலும் இந்தக் குறை தீராது.

மண்ணில் எனக்குப் பிடித்தது, பிரித்த கல் உதறினால் சுத்தமாகிவிடுகிறது. சிமெண்ட் ஒட்டிய கல்லைக் கொத்திக் கொத்தியே ஆள்கூலி போய்விடும்.

ஆக, உள்ளே செம்மண், வெளி இடுக்கில் இரண்டு அங்குல ஆழத்துக்கும் சுவர்த் தலைக்கும் சுண்ணாம்பு. ஓடு சுவரைத் தாண்டி இரண்டடி நீளும். சிமெண்ட் மூத்திர வாய்க்காலுக்கு மட்டும். இடுக்கெல்லாம் சுண்ணாம்பால் அடைத்தால் எலி எங்கே நுழையும் என்று மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. குறுக்குக்கல்லுக்கு மட்டும் உடனே தலையாட்டிவிட்டு, களத்தில் கிடந்த நீளக்கல்லைத் தனியாகப் பொறுக்கி வைத்துவிட்டுப் போனார்.