‘சத்தமே வராத ஜன்னல்’ என்ற பேச்சை நம்பி 92,000 ரூபாய்க்கு ஜன்னல் போட்டவனின் எச்சரிக்கை

பல்லடத்தில் திருச்சி சாலையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓசையிலேயே வளர்ந்தவன் என்பதால் சீரான இரைச்சல் எனக்குத் தாலாட்டு மாதிரி. ஆனால் நள்ளிரவில் ஏர் ஹாரன் அடித்துப் போகும் லாரிகளால் என் தாயாரின் தூக்கம் அடியோடு கெட்டதால், சென்ற மாசி மாதம் சாலையைப் பார்த்த நான்கு மர ஜன்னல்களைப் பெயர்த்துவிட்டு யுபிவிசி எனப்படும் கடினப் பிளாஸ்டிக் சட்டம் கொண்ட ஜன்னல்கள் போட முடிவு செய்தோம்.

கடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். உரிமையாளர் அதற்குள் செல்போனை ஒலிக்கவிட்டுக் கதவை மூடினார், மணியோசை அடங்கிப்போயிற்று. “லாரி போனாலும் இப்படித்தானுங்க இருக்கும், அம்மா நிம்மதியாத் தூங்குவாங்க” என்றார். செல்போன் மணி உயர்ந்த சுருதி உடையது என்பதும், அதை மெல்லிய கண்ணாடியே தடுத்துவிடும் என்பதும், லாரி எஞ்சினின் தாழ்ந்த உறுமலைத் தடுக்கக் கனம் வேண்டும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டியின் கதவு நான்கு பக்கமும் ரப்பர் பட்டையில் அழுந்தி மூடியதையும் நான் கவனிக்கவில்லை.

மொத்தம் 80 சதுர அடி, அடிக்கு 1,150 ரூபாய். 69,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். விலைப்புள்ளியில் ‘சவுண்ட் ப்ரூஃப், டபுள் கிளாஸ்’ என்பதற்கு மேல் ஒரு விவரமும் இல்லை. கண்ணாடியின் கனம், இடைவெளி, திறக்கும் முறை எதையும் எழுதித் தரும்படி கேட்காதது என் தவறு.

வந்து சேர்ந்தவை கீல் வைத்துத் திறக்கும் ஜன்னல்கள் அல்ல, பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங் வகை. இவற்றின் ஓரங்களில் ரப்பர் கிடையாது. நகர வேண்டுமே என்று தூரிகை போன்ற மயிர்ப்பட்டைதான் வைக்கிறார்கள், அதன் வழியாகக் காற்று தாராளமாகப் புகும். கண்ணாடியோ இரண்டும் ஒரே 4 மி.மீ., நடுவில் 6 மி.மீ. இடைவெளி. இரண்டு தகடும் ஒரே கனமாக இருந்தால் இரண்டும் ஒரே சுருதியில் பலவீனப்படும். கனத்தை மாற்றி, ஒன்றையாவது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடியாகப் போட்டிருக்க வேண்டும் என்று பிறகு கோவையில் ஒரு பொறியாளர் விளக்கினார். ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, எத்தனை கனமான கண்ணாடி போட்டாலும் ஏறக்குறைய 20 டெசிபலுக்கு (ஒலியை அளக்கும் அலகு) மேல் சத்தம் குறையாது என்றும் அவர் சொன்னார். எங்கள் படுக்கையறையில் ஜன்னலுக்கு மேலேயே வெண்டிலேட்டர் திறந்து கிடக்கிறது. அளவெடுக்க இரண்டு முறை வந்தவர்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

செல்போன் செயலியில் அளந்தபோது இரவு இரைச்சல் 58 டெசிபலிலிருந்து 55 ஆகியிருந்தது. செயலியின் அளவு துல்லியமானதல்ல, ஆனால் வித்தியாசத்தைக் காட்டப் போதும். காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்றவே 10 டெசிபல் குறைய வேண்டும். 3 டெசிபல் என்பது மட்டுமட்டாக உணரக்கூடிய அளவு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல் என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

ஆடி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மீதி உண்மையையும் சொல்லிவிட்டது: நான்கு ஜன்னல்களும் விசில் அடித்தன. ஊதுபத்தியைச் சட்டத்தின் ஓரமாகப் பிடித்தால் புகை அறைக்குள் பாய்ந்தது. சுவருக்கும் சட்டத்துக்கும் இடையிலான பிளவை உள்ளே நிரப்பாமல், மேலாகச் சிலிக்கோன் பசை பூசி மறைத்திருந்தார்கள். புகார் சொன்னபோது வந்த பணியாளர், “ஜன்னல்ல ஒரு குறையும் இல்லீங்க, ரோட்டுலதானுங்க வண்டி அதிகமாயிருச்சு” என்றார்.

மீதி 23,000 ரூபாயை நான் தரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க ஆவணங்களைத் திரட்டி வருகிறேன். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பெட்டிக்குள் செல்போன் ஒலித்ததற்கு என்னிடம் சாட்சி எதுவும் இல்லை, அந்த மொட்டை விலைப்புள்ளி ஒன்றுதான் இருக்கிறது. தாயார் இப்போது பின்பக்கத்துச் சமையலறையை ஒட்டிய சிறிய அறையில் படுத்துக்கொள்கிறார்.