பிழை தேடுவதா, மூலம் தேடுவதா?

செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படத்தை அடையாளம் காண, பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுப்பது: படத்திலுள்ள பிழைகளைத் தேடுவதையா, அது முதலில் எங்கிருந்து வந்தது என்ற மூலத்தைத் தேடுவதையா?

எளிமை: பிழை தேடுவது 7 வயதுக் குழந்தைக்கும் விளையாட்டுதான். மூலம் தேட நன்றாக வாசிக்கத் தெரிய வேண்டும்.

நேரம்: முன்னதற்கு அரை நிமிடம், பின்னதற்குச் சில நிமிடங்கள்.

ஆயுள்: எனக்குக் கவலை இங்கேதான். 2023 மார்ச்சில், போப் பிரான்சிஸ் வெள்ளைக் குளிர்கோட்டு அணிந்த போலிப் படம் பலரையும் ஏமாற்றியது. பெரிதாக்கிப் பார்த்தால் கை விரல்கள் உருக்குலைந்திருந்தன. இன்றைய கருவிகளோ விரல்களைப் பெரும்பாலும் சரியாகவே வரைந்துவிடுகின்றன. பிழை தென்படவில்லை என்றால் உண்மைதான் என்று பிள்ளை நம்பிவிடும். ‘முதலில் வெளியிட்டவர் யார்? செய்தித்தாள்களில் வந்திருக்கிறதா?’ என்ற கேள்விகள் பழசாவதில்லை. படத்தைக் கொடுத்தே தேடும் வசதி கூகுளில் உண்டு.

சிறு குழந்தைக்குக் கண்ணைப் பழக்கினால் போதும். தனியாக இணையம் பார்க்கும் பிள்ளைக்கு மூலம் தேடுவதையே முதலில் பழக்குங்கள்.