செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவருக்கு ஈஎல்எம்327 ஸ்கேனர்: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கையில் பணம் குறைவாக இருக்கும்போது கண்ணில் படும் பழைய கார்கள் இரண்டு வகை. ஒன்று, டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாமல், கழுவித் துடைத்து, விலையைச் சற்றே ஏற்றிச் சொல்லும் வண்டி. மற்றது, மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிவதாலேயே யாரும் சீண்டாமல் விலை இறங்கிக் கிடக்கும் வண்டி. முதல் வண்டியில் நிஜமாகவே கோளாறு இல்லையா, அல்லது நேற்று இரவு யாரோ கோளாறுக் கோடை (வண்டியின் கணினி பதிந்து வைக்கும் code) அழித்துவிட்டார்களா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. இரண்டாவது வண்டியில் போயிருப்பது தெர்மோஸ்டாட்டா டைமிங் செயினா என்பதும் தெரியாது. இந்த இரண்டு கேள்விக்கும் பெருமளவு பதில் சொல்லிவிடுகிறது, ஒரு முறை டேங்க் நிரப்பும் செலவுக்கும் குறைவாகக் கிடைக்கும் ஈஎல்எம்327 வகை ஸ்கேனர்; வண்டியின் சாக்கெட்டில் செருகினால், அதன் கணினி சொல்வதை ஃபோனில் காட்டும் சிறு கருவி. பலர் இதை வண்டியை ஒதுக்கத்தான் பயன்படுத்துகிறார்கள். இதன் உண்மையான லாபம், எல்லோரும் ஒதுக்கிய வண்டிகளில் நல்லதைப் பொறுக்கி எடுப்பதில் இருக்கிறது.

முதலில் எந்த ஸ்கேனரை வாங்குவது. ஈஎல்எம்327 என்பது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய சிப். முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாததால் உலகமெங்கும் நகல்கள் பெருகின. அந்த நிறுவனமே 2022இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே இன்று இந்தப் பெயரில் மலிவாகக் கிடைப்பவை அநேகமாக எல்லாமே நகல்தான். நகலிலும் தரம் உண்டு. உறையில் 2.1 என்று போட்டிருக்கும் மிகச் சிறிய நீலநிற புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் கட்டளைகளைப் பாதி புரிந்துகொண்டு, பாதியில் தொடர்பை அறுத்துக்கொள்பவை. 1.5 என்று விற்கப்படுபவை அவற்றைவிடப் பல நேரம் தேவலை. வேடிக்கை என்னவென்றால், 1.5 என்ற பதிப்பை எல்ம் வெளியிட்டதே இல்லை. எண்ணை நம்பாமல், ஈஎல்எம் ஐடென்டிஃபையர் போன்ற இலவசச் செயலியில் ஒரு முறை சோதித்து, ஆதரிக்காத கட்டளைகள் நிறைய வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் வீகேட் வீலிங்கர், ஓபிடிலிங்க் இரண்டும் வேகத்திலும் நம்பகத்திலும் வேறு தளத்தில் இருப்பவை. நாலைந்து வண்டி பார்த்து ஒன்றை வாங்கப் போகிறவருக்கு அது கட்டாயமில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய வகை புளூடூத் ஸ்கேனர் அதில் சேராது. வைஃபை ஸ்கேனர் அல்லது புளூடூத் எல்ஈ என்று தெளிவாகக் குறிப்பிட்டது வேண்டும். வைஃபை என்றால் செயலியில் முகவரி 192.168.0.10, போர்ட் 35000 என்று போட்டால் பெரும்பாலும் இணைந்துவிடும். புளூடூத் வகையில் கடவு எண் 1234 அல்லது 0000. ஃபோனில் போடும் செயலிகளில் கார் ஸ்கேனர் அல்லது டார்க் (Torque) போதும். ஃபோர்டு, மாஸ்டா வண்டிகளுக்கு ஃபோர்ஸ்கேன் இன்னும் ஆழமாகப் போகும்.

வண்டியில் 16 பின் கொண்ட சாக்கெட், ஸ்டியரிங்குக்குக் கீழே ஓட்டுநரின் முழங்கால் பக்கம் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்தும் ஓபிடி, அதாவது வண்டி தன் கோளாறுகளைத் தானே கண்டறிந்து சொல்லும் ஏற்பாடு, கட்டாயமானது. மற்ற பல நாடுகளில் அதற்குப் பிறகு. சாக்கெட் இருந்தாலே ஓபிடி2 பேசும் என்று எண்ணிவிடக் கூடாது. கட்டாயமாவதற்குச் சற்று முந்தைய மாடல்கள் சிலவற்றில் சாக்கெட் மட்டும் இருக்கும், ஸ்கேனருக்குப் பதில் வராது. சாக்கெட்டில் செருகியும் ஸ்கேனரின் விளக்கே எரியாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். 16ஆம் பின்னுக்கு பேட்டரியிலிருந்து மின்சாரம் வர வேண்டும். பல வண்டிகளில் அதற்கும் சிகரெட் லைட்டருக்கும் ஒரே ஃபியூஸ்.

வண்டி பார்க்கப் போகும்போது, தான் வரும்வரை இன்ஜினைப் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டைப் பார்க்க வேண்டும். இன்ஜின் விளக்கு, ஏர்பேக் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு எல்லாம் ஒரு முறை எரிந்தாக வேண்டும். எரியாத விளக்கு என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், டேப் ஒட்டி மறைத்திருக்கலாம். ஸ்கேனரில் இன்ஜின் விளக்கு ஆன் என்று காட்டி, டேஷ்போர்டு இருட்டாக இருந்தால் அங்கேயே நன்றி சொல்லிக் கிளம்பிவிடலாம். அடுத்து, கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிட வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். காற்று 25 டிகிரி, கூலன்ட் 60 டிகிரி என்றால், வண்டியை முன்பே ஓட வைத்துச் சூடேற்றியிருக்கிறார்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் மட்டும் வெளிப்படும் புகையையும் செயின் சத்தத்தையும் மறைக்க இது பழைய உத்தி.

பிறகு கோடுகள். பதிவானவை, நிலுவையில் உள்ளவை இரண்டையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். நிலுவைக் கோடு என்றால் கோளாறு ஒரு முறை தென்பட்டது, விளக்கு எரிய இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். மூன்றாவதாக நிரந்தரக் கோடு என்று ஒன்று உண்டு. அமெரிக்க விதிப்படி 2010 வாக்கில் வந்தது, எல்லா வண்டியிலும் இருக்காது. இருந்தால் பொக்கிஷம்தான். ஸ்கேனரால் அழிக்க முடியாது, பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. கோளாறு சரியானதைத் தானே சோதித்து உறுதி செய்த பிறகுதான் ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) அதை நீக்கும்.

கோடு எதுவும் இல்லை என்று வந்தால் உற்சாகப்பட வேண்டாம். வேலை இனிமேல்தான் இருக்கிறது. கோடை அழித்தால், ஈசியூ நடத்தும் சுய சோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். செயலியில் ரெடினஸ் மானிட்டர் என்று இருப்பது இதுதான். கூடவே 'கோடு அழித்த பின் ஓடிய தூரம்', 'அழித்த பின் சூடேறிய தடவைகள்' என்று இரண்டு எண்கள் கிடைக்கும். ஓடோமீட்டரில் ஒரு லட்சம் கிலோமீட்டர், கோடு ஒன்றுமில்லை, ஆனால் அழித்த பின் ஓடியது 6 கிலோமீட்டர், கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) சோதனை முடியவில்லை என்று வந்தால் கதை விளங்கிவிடும்.

"பேட்டரி மாத்தினோம் சார், அதான்" என்பது வழக்கமான பதில். உண்மையாகவும் இருக்கலாம். பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினாலே இவை அழிந்துவிடும். பானெட்டைத் திறந்து பேட்டரியின் தேதியைப் பார்த்தால் போதும், வாதாட வேண்டியதில்லை. சந்தேகம் தீராவிட்டால், நகரத்திலும் நெடுஞ்சாலையிலுமாக ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள், மறுபடி வந்து பார்க்கிறோம் என்று சொல்லிவிடலாம். 100, 150 கிலோமீட்டருக்குள் பெரும்பாலான சோதனைகள் முடிந்துவிடும். பெட்ரோல் ஆவியைச் சோதிக்கும் ஈவாப் மட்டும் விதிவிலக்கு. டேங்க் நிரம்பியும் இருக்கக் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது, வண்டி பல மணி நேரம் ஆறியிருக்க வேண்டும். அது ஒன்று மட்டும் முடியாமல் இருந்தால் குற்றமில்லை.

அதே தூர எண்ணுக்கு இன்னொரு உபயோகம் உண்டு. ஓடோமீட்டர் 40,000 என்கிறது, அழித்த பின் ஓடியது 58,000 என்று ஈசியூ சொல்கிறது என்றால், ஒன்று மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள், அல்லது வேறு வண்டியின் ஈசியூவை மாட்டியிருக்கிறார்கள். ஈசியூவில் பதிந்துள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும்.

இனி விளக்கு எரியும் வண்டிகள். மலிவு விலை வேட்டைக்கு இதுதான் களம். பெட்ரோல் ஆவி கசிவதைச் சொல்லும் பி0455, பி0457 கோடுகள் வந்தால் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைப் பாருங்கள். ரப்பர் வெடித்த மூடிதான் பெரும்பாலும் காரணம். பி0128 என்றால் இன்ஜின் சூடேறத் தாமதமாகிறது, அதாவது தெர்மோஸ்டாட் திறந்தே நிற்கிறது. சின்ன வேலைதான். ஆனால் கூலன்ட் குறைந்தாலும் இதே கோடு வரும் என்பதால் அளவைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். பி0135 ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சுற்று. ஃபியூஸோ வயரோ சென்சாரோ எதுவானாலும் இன்ஜினைத் திறக்க வேண்டியதில்லை.

பி0301 என்று ஒரே சிலிண்டரில் மிஸ் அடித்தால் (பெட்ரோல் சரியாக எரியாமல் தவறினால்), உரிமையாளர் சம்மதித்தால், அங்கேயே சோதிக்கலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களில், முதல் சிலிண்டருடையதை இரண்டாவதற்கும் இரண்டாவதன் காயிலை முதலாவதற்கும் மாற்ற வேண்டும். 10 மில்லிமீட்டர் சாக்கெட் ஒன்று இருந்தால் பல வண்டிகளில் ஐந்து நிமிட வேலை. கோடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

தொடவே கூடாதவையும் உண்டு. பி0016, பி0017 என்றால் டைமிங் செயின் இணைக்கும் கிராங்க் ஷாஃப்ட்டும் கேம் ஷாஃப்ட்டும் ஒத்துப்போகவில்லை. சென்சாராக இருக்கலாம், ஆனால் நீண்டுபோன டைமிங் செயினாக இருக்கும் வாய்ப்பை வைத்துச் சூதாடக் கூடாது. பல சிலிண்டர்களில் மிஸ் அடிப்பதைச் சொல்லும் பி0300உடன் கூலன்ட்டும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். ஆட்டோமேட்டிக் வண்டியில் பி0730, பி0741 வந்தால் கியர்பாக்ஸ் செலவு வண்டி விலையையே எட்டிப் பிடிக்கலாம். டீசலில் பி2002, பி2463 என்றால் புகைக்கரி வடிகட்டியில் பிரச்சினை.

நடுவில் நிற்பது பி0420. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கன்வெர்ட்டர் விலை அதிகம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அது ஏன் செத்தது என்பதே முக்கியம். ஆயில் குடிக்கும் இன்ஜினும், மாதக்கணக்கில் மிஸ் அடித்தபடி ஓட்டிய இன்ஜினும் புதிய கன்வெர்ட்டரையும் தின்றுவிடும். ஆகவே ஆயில் அளவு, சைலன்சர் முனையின் கரி, இரண்டையும் பார்க்காமல் விலை பேசக் கூடாது. இன்ஜின் நன்றாகச் சூடானபின் 2500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு பின்பக்க ஆக்சிஜன் சென்சாரைப் பாருங்கள். 0.6, 0.7 வோல்ட்டில் ஏறக்குறைய நிலையாக நின்றால் கன்வெர்ட்டருக்கு உயிர் இருக்கிறது. 0.1க்கும் 0.9க்கும் இடையே வேகமாகத் துள்ளினால் இல்லை.

நேரடி அளவீடுகளில் பெட்ரோல் வண்டிக்கு மிகவும் பயன்படுவது ஃபியூல் டிரிம், அதாவது ஈசியூ பெட்ரோல் அளவைக் கூட்டியோ குறைத்தோ திருத்தும் சதவீதம். குறுகிய கால எண்ணையும் நீண்ட கால எண்ணையும் கூட்டிப் பார்த்து, 10 சதவீதத்துக்குள், கூடுதலோ குறைவோ, இருந்தால் கவலையில்லை. ஐடிலில் +20 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் +4க்கு இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. வெடித்த வேக்குவம் குழாய் அல்லது இன்டேக் கேஸ்கெட், மலிவான வேலை. ஐடிலில் சரியாக இருந்து, லோடு ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய காற்றளவு சென்சார் என்று தேட வேண்டும்.

கூலன்ட் வெப்பநிலையை டேஷ்போர்டு முள்ளில் பார்க்காமல் ஸ்கேனரில் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் முள் வேண்டுமென்றே மந்தமாக வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே 80 டிகிரியானாலும் 108 டிகிரியானாலும் அது நட்டநடுவிலேயே நிற்கும். ஏசியைப் போட்டு 20 நிமிடம் ஐடிலில் விடுங்கள். 85க்கும் 105க்கும் இடையே ஏறி, ஃபேன் ஓடி, இறங்கினால் சரி. ஃபேன் ஓடியும் ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டரோ அதைவிட மோசமானதோ காத்திருக்கிறது.

இவ்வளவு சொல்லும் கருவிக்கு வண்டியின் பாதி தெரியாது. துரு, கிளட்ச் வழுக்கல், ஷாக் அப்சார்பர், டைமிங் பெல்ட்டின் வயது எதையும் சொல்லாது. பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கிட்டு விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளைப் பொதுவான செயலிகள் பல வண்டிகளில் படிக்க மாட்டா. பி0700 வந்தால், கியர்பாக்ஸ் கணினியில் வேறொரு கோடு இருக்கிறது என்ற தகவல் மட்டும்தான் கிடைக்கும். அந்தக் கோடைப் படிக்க வொர்க்ஷாப் ஸ்கேனர் தேவை.

விபத்தை மறைத்த பாடிக்குத் தனியாக ஒரு பெயிண்ட் தடிமன் மீட்டர் வேண்டும். மலிவானதே போதும், இரும்பு மட்டுமல்லாமல் அலுமினியத்தையும் அளப்பதாக இருக்கட்டும். கூட வரும் தகட்டில் பூஜ்யம் செய்துவிட்டு ஒவ்வொரு பேனலிலும் நாலைந்து இடத்தில் வைத்துப் பாருங்கள். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 180 மைக்ரான். 250, 300 என்றால் மறுபடி அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தைத் தொட்டால் அடியில் பட்டி. ஒரு கதவில் மட்டும் மறுபெயிண்ட் இருப்பது கீறலுக்காக இருக்கலாம், பேரத்துக்குப் பயன்படும். கூரையிலோ கதவுத் தூண்களிலோ அந்த எண் வந்தால் வண்டி உருண்டிருக்கவோ வெட்டி ஒட்டப்பட்டிருக்கவோ வாய்ப்பு அதிகம். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் மீட்டர் அங்கே எதையும் காட்டாது. பம்பருக்குப் பின்னாலிருக்கும் இரும்புச் சட்டத்தை டார்ச் அடித்து, வெல்டிங் புள்ளிகள் சீராக இருக்கின்றனவா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும்.