அறுபதில் நடுங்கிய அம்பாசிடர்: பட்டை வேலைக்குப் பிறகு இரண்டரை வருடம்

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1984 மாடல், மார்க் 4, 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின். அப்பா வாங்கிய வண்டி. பின்பக்கம் தொய்ந்துபோய், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மூன்று விரல் நுழையாத நிலைக்கு வந்த பிறகுதான் பட்டை வேலைக்கு, அதாவது பின் ஆக்ஸிலின்மேல் வண்டியைத் தாங்கும் வளைந்த ஸ்பிரிங் பட்டைகளைச் சரிசெய்ய, விட்டேன். அம்பாசிடர் தயாரித்த உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். புதுப் பட்டை தேடி அலைவதைவிட இருப்பதையே வளைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பட்டைக் கடைக்காரர் பழைய பட்டைகளை வளைத்து, பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து, இரண்டு நாளில் வண்டியைக் கொடுத்தார். பின்பக்கம் நாலு சென்டிமீட்டர் தூக்கலாக, பழைய கம்பீரத்தோடு நின்றது. பள்ளம் மேடுகளில் இடிக்கவே இல்லை.

பொள்ளாச்சி ரோட்டில் வேகம் ஐம்பத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டியதும் ஆரம்பித்தது. ஸ்டியரிங்கில் ஒன்றும் தெரியவில்லை. தரையில், சீட்டில், முதுகில் 'ர்ர்ர்' என்று ஒரு நடுக்கம். நடுக் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரிந்தது. எழுபதில் குறைந்தது.

"அறுபதுல அதிருதுன்னா வீல்தானுங்க சார்" என்றார் மெக்கானிக். நாலு சக்கரத்துக்கும் பேலன்ஸிங் செய்தோம், மாற்றமில்லை. அடுத்து, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனை மூட்டுகளிலும் இருக்கும் கிராஸ் இரண்டையும் மாற்றினோம். பழைய கிராஸ் இரண்டும் கையில் பிடித்து ஆட்டினால் ஆடவே இல்லை. நல்ல சாமானைக் கழற்றி வீசியதுதான் மிச்சம். பிறகு கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர். ஏழு மாதம் இப்படியே போனது. நடுவில் ஒரு துப்பு தானாகவே கிடைத்தது. ஒரு கல்யாணத்துக்கு மாமியார், அத்தை, சித்தி மூவரும் பின்சீட்டில் ஏறி, டிக்கியில் சீர்த்தட்டு எல்லாம் அடுக்கிப் போனோம். அன்று நடுக்கமே இல்லை. மவுண்டிங் ரப்பர் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாரம் ஏறினால் ஏன் குறைய வேண்டும் என்று அன்றே யோசித்திருந்தால் நாலு மாதம் மிச்சமாகியிருக்கும்.

கடைசியில் கணக்கில் இறங்கினேன். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு வண்டியை ஒரு சுற்றுத் தள்ளினால் சுமார் 2 மீட்டர். பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் போட்டு, அதைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் நாலரைச் சுற்றுச் சுற்றுகிறது. ஒற்றைச் சக்கரத்தின் இரண்டு சுற்று, ரோட்டில் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும் ஒரு சுற்றுக்குச் சமம். அதாவது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 8.3 சுற்று, ஷாஃப்ட் 37.5 சுற்று. டயர் பேலன்ஸ் குறையென்றால் 8.3-லும், ஷாஃப்ட் பேலன்ஸ் குறையென்றால் 37.5-லும் அதிர வேண்டும். கிராஸ் கோணத்தில் தப்பென்றால் ஷாஃப்ட்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு உதறல், ஆக நொடிக்கு 75.

போனில் அதிர்வு பார்க்கும் ஆப் ஒன்றைப் போட்டு சீட் தண்டவாளத்தில் ஒட்டி ஓட்டினேன். 25 என்று காட்டியது. 25 என்பது 8.3-இன் மூன்று மடங்கு. சக்கரம்தான் என்று இன்னொரு முறை டயர் கடைக்குப் போய் அசடு வழிந்தேன். என் பழைய போனின் சென்சார் நொடிக்கு 100 முறைதான் பதிகிறது. 50-க்கு மேற்பட்ட அதிர்வை அது பொய்யாகக் குறைத்துக் காட்டும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவதுபோல் தெரிவது போலத்தான். அக்கா மகனின் புதுப் போனில் பார்த்தால், அறுபதில் கச்சிதமாக 75.

சரி, கோணம்தான் என்று குதிக்க முடியாது. டாப் கியரில் என்ஜினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. நாலு சிலிண்டர் என்ஜினும் ஒரு சுற்றுக்கு இரண்டு முறைதான் உதறும். அதுவும் 75-தான்! அதனால் அதே அறுபதில் மூன்றாம் கியருக்கு இறக்கினேன். என்ஜின் கத்தியது, ஆனால் அந்த 75 அசையாமல் அங்கேயே இருந்தது. அப்புறம் நியூட்ரலுக்குத் தட்டி வண்டியை ஓடவிட்டேன். நடுக்கம் பாதியாகக் குறைந்தது, ஆனால் போகவில்லை. என்ஜின்மேல் குற்றமில்லை. ஆக்ஸிலேட்டர் மிதித்தால் கூடுகிறது, விட்டால் குறைகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. மிதிக்கும்போது பின் ஆக்ஸில் பட்டையின் மேல் முறுக்கிக்கொண்டு கிரவுனின் (ஆக்ஸிலின் நடுவே ஷாஃப்ட் வந்து சேரும் கியர் கூடு) மூக்கை மேலே தூக்கும். மூக்கு ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகம் வந்தது.

வண்டியை ஒர்க்‌ஷாப் பள்ளத்தின் மேல், நாலு சக்கரமும் தரையில் நிற்க நிறுத்திக் கோணம் பார்த்தோம். ஜாக்கியில் தூக்கி ஆக்ஸில் தொங்கும்போது அளந்தால் அத்தனையும் தப்பாக வரும். கியர்பாக்ஸ் பின்னோக்கி 3 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஷாஃப்ட் 7 டிகிரி. கிரவுனின் மூக்கு மேல்நோக்கி 6 டிகிரி. அதாவது முன் மூட்டில் 4 டிகிரி வளைவு, பின் மூட்டில் 1 டிகிரி. வளைந்த கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட்டை இரண்டு முறை வேகப்படுத்தி, இரண்டு முறை மந்தப்படுத்தும். பின் மூட்டும் அதே அளவு வளைந்திருந்தால்தான் முன் மூட்டு செய்யும் கோளாறை அது ஈடுகட்டும். இங்கே ஈடுகட்ட ஆளில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தால், ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே துருப்பிடிக்காத இரும்பு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஆப்பு, பக்கத்துக்கு ஒன்று. ஆறரை சென்டிமீட்டர் நீளம், முன்பக்கம் ஏழு மில்லிமீட்டர் கனம், பின்பக்கம் மூன்றரை. கணக்குப் போட்டால் சரியாக 3 டிகிரி. பட்டைக் கடைக்காரரிடம் கேட்டேன். "வண்டி தூக்குனதுல ஷாஃப்ட் ரொம்பச் சாஞ்சிருச்சுங்க. பின் கிராஸ் கெட்டுப்போகக் கூடாதுன்னு மூக்கைத் தூக்கி வெச்சேனுங்க" என்றார். மனுஷன் நல்லது நினைத்துத்தான் செய்திருக்கிறார். கிராஸைத் தனியாகப் பார்த்தால் அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் இரண்டு கிராஸும் ஜோடி. ஒன்றை மட்டும் நேராக்கினால் மற்றது தனியாக ஆடும்.

ஆப்புகளை எடுத்தோம். கூடுதல் பட்டையையும் எடுத்துவிட்டோம்; உயரம் பாதி இறங்கியது. இன்னொரு தப்பும் அப்போது தெரிந்தது. பட்டைக் கண்ணில் (பட்டையின் முனை வளையத்தில்) இருக்கும் ரப்பர் புஷ்களை, சக்கரம் காற்றில் தொங்கும்போதே இறுக்கியிருந்தார்கள். வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு பட்டையை மேலும் தூக்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரில் ஏறி நாலு குலுக்குக் குலுக்கி, பிறகு இறுக்கினோம். முன் மூட்டு 3, பின் மூட்டு 3. அன்று மாலை அதே பொள்ளாச்சி ரோட்டில் அறுபதில் போனபோது, பின்னால் வந்த பஸ்ஸின் போர்டைக் கண்ணாடியில் எழுத்துக் கூட்டிப் படித்தேன், இடம் வலம் மாறித்தான்.

அதன் பிறகு 13,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. முதல் 500 கிலோமீட்டரில், ஆக்ஸிலையும் பட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கினேன்; ஒன்று முக்கால் சுற்று உள்ளே போனது. பட்டை இதுவரை ஒரு சென்டிமீட்டர் தொய்ந்திருக்கிறது. வளைத்த பழைய பட்டை என்றால் அவ்வளவுதான். ரைடு கூடுதல் பட்டையோடு இருந்ததைவிட மெத்தென்று இருக்கிறது. ஆனால் ஐந்து பேரோடு ஸ்பீட் பிரேக்கரில் சைலன்சர் உரசுகிறது. எண்பத்தைந்துக்கு மேல் லேசாக ஒரு முனகல் வருகிறது. ஷாஃப்ட்டை பேலன்ஸுக்கு அனுப்பினால் போகலாம். நாற்பது வயது அம்பாசிடரை எண்பத்தைந்தில் ஓட்டி எங்கே போகப் போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு ஆப்பும் இப்போது ஆடிக்கொண்டிருந்த மர பீரோவின் முன்கால்களுக்கு அடியில் இருக்கின்றன.