மாற்று இதயத்துக்கு எக்கோவா, எம்ஆர்ஐயா?

மாற்று இதயத்தில் நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும். அதனால் ரத்தக்குழாய் அடைத்தாலும் பெரும்பாலும் நெஞ்சு வலிக்காது. வரப்போவதைப் படத்தில்தான் பார்க்க வேண்டும். சென்னையில் அறுவை முடித்துக் கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஊர் திரும்பியவர்களுக்கு நாங்கள் முதலில் கை காட்டுவது ஸ்ட்ரெயின் அளவோடு (துடிக்கும்போது இதயத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்ற கணக்கு) எடுக்கும் எக்கோவை.

எம்ஆர்ஐயின் பலம் தெரிந்ததுதான். தசை வீக்கத்தை டி2 மேப்பிங் என்ற அளவீடு காட்டும், தழும்பை ஊசி வழியே ஏற்றும் கேடோலினியம் மருந்து காட்டும். தழும்பு உள்ளவர்களுக்குப் பின்னாளில் ஆபத்தும் கூடுதல். ஆனால் உடல் மாற்று இதயத்தை நிராகரிக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்து சிறுநீரகத்தை வாட்டக்கூடியது. சிறுநீரகம் வடிகட்டும் திறனைச் சொல்லும் ஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே இறங்கிவிட்டால் கேடோலினியம் கொடுக்க யோசிப்பார்கள்.

எக்கோவை முன்னே நிறுத்துவது, அடிக்கடி எடுத்து ஒப்பிட முடிகிற வசதி. நன்றாக ஓடும் மாற்று இதயத்திலும் ஜிஎல்எஸ் (ஸ்ட்ரெயினின் மொத்த எண்; மைனஸில் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சுருக்கம் குறைவு) மற்றவர்களைவிடக் குறைவாகவே இருக்கும். ரிப்போர்ட்டில் -16 என்று பார்த்ததும் பதற வேண்டாம். ஆனால் -18-இல் நிலையாக இருந்தவருக்கு -14 வந்தால் உடனே விசாரிக்க வேண்டும். அந்த வித்தியாசம் மெய்யாக இருக்க, ஒவ்வொரு முறையும் அதே கம்பெனி மெஷின், அதே சாஃப்ட்வேர் வேண்டும். மாற்றினால் இதயம் மாறாமலே எண் மாறும். கடலூர்க்காரர் புதுச்சேரியில் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தொடர்வது நல்லது. நாடித்துடிப்பு 90 முதல் 110 வரை ஓடுவதால் ஃப்ரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பது) 50-க்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் ஏறியிருந்தாலும் ஸ்ட்ரெயின் குறையும், ஆகவே அன்றைய பிரஷரும் ரிப்போர்ட்டில் இருக்கட்டும். பிரிண்ட் போதாது, மூல ஃபைல்களைப் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். எம்ஆர்ஐக்கும் இதே சிக்கல் உண்டு: 1.5 டெஸ்லா காந்த வலிமையில் எடுத்த டி2 அளவை 3 டெஸ்லாவில் எடுத்ததோடு ஒப்பிட முடியாது. அதை மாதாமாதம் எடுப்பதும் நடக்கிற காரியமில்லை.

ஸ்ட்ரெயின் ஏன் குறைந்தது என்பதை எக்கோ சொல்லாது. நிராகரிப்பா என்று சந்தேகம் வந்தால் இதயத் தசைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் தீர்க்கும். இதயம் சரியாகத் தெரியாத எக்கோவாக இருந்தால் எம்ஆர்ஐக்குப் போவதே சரி.

ரத்தக்குழாய் விஷயத்தில் இரண்டுமே போதாது. குழாய்ச் சுவர் சுற்றிலும் சீராகத் தடிப்பதால் ஆஞ்சியோகிராம்கூட ஏமாறும். குழாய்க்குள் சிறு அல்ட்ராசவுண்ட் கருவியை விட்டுப் பார்க்கும் ஐவஸில், முதல் ஆண்டுக்குள் உட்சுவர்த் தடிப்பு 0.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் பின்விளைவு மோசமாகும் வாய்ப்பு அதிகம். ஓராண்டு ஆஞ்சியோவுக்குச் சென்னை போகும்போது ஐவஸையும் சேர்த்தே செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.