பேசும் பேனா: இரண்டாம் மொழி வகுப்புக்கு எவ்வளவு உதவும்?

படத்தைத் தொட்டால் சொல்லை உச்சரிக்கும் பேனாவும் அதற்கான படப் புத்தகங்களும் 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்குப் பொருந்தும், பேனாவையே ஆசிரியராக்காத வரை.

நுனியில் உள்ள சிறிய அகச்சிவப்புக் கேமரா, பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நுண்புள்ளிகளைப் படிக்கிறது. சாதாரண நகலில் அந்தப் புள்ளிகள் சரியாக விழாது, பேனா பேசாது. பிள்ளைகள் பென்சிலால் கிறுக்கினாலும் இதே கதிதான். கிராஃபைட் அகச்சிவப்பை உறிஞ்சிப் புள்ளிகளை மறைத்துவிடும். மெதுவாக அழித்தால் பெரும்பாலும் சரியாகும்.

பெரிய குறை ஒலிபெருக்கி. ஸ, ஷ போன்ற உரசொலிகள் வகுப்பு இரைச்சலில் கரைந்து ஒன்றுபோலவே கேட்கும். காது பிரிக்காத ஒலியை நாக்கு பிரிப்பது கடினம். ஹெட்ஃபோன் மாட்டும் வசதி இல்லாத மாடலை வாங்கவே வேண்டாம்.

ஒரு பேனாவுக்கு 3 பேர், ஒரு தடவைக்கு 10 நிமிடம், 6 புதுச் சொற்கள் போதும். முதலில் கேட்கட்டும், அடுத்து கேட்ட சொல்லுக்குரிய படத்தைத் தொட்டுக் காட்டட்டும், பேசுவது கடைசியில். முதல் நாளே "திருப்பிச் சொல்லு" என்று நெருக்கினால் கூச்சப்படும் பிள்ளை வாயே திறக்காது.

தனிச் சொற்கள் மட்டும் ஒலிக்கும் புத்தகங்கள் சீக்கிரம் சலித்துவிடும். ஒரே சொல்லைச் சின்னச் சின்ன வாக்கியங்களிலும் கேட்கவைப்பவை மேல். சில மாடல்களோடு குரல் பதியும் ஒட்டிகளும் வரும். அவற்றில் ஆசிரியர் தம் குரலில் பாடச் சொற்களைப் பதிந்து வகுப்பறைப் பொருள்களிலேயே ஒட்டலாம். கொடுத்த காசுக்கு உண்மையான பயன் அங்கேதான்.