கினிகத்தேனையில் வாங்கிய கித்துள் மா

சென்ற மாதம் அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்குத் திரும்பும் வழியில், கினிகத்தேனையில் பஸ் நின்ற பத்து நிமிடத்திற்குள் தெருவோரக் கடையொன்றில் 400 கிராம் கித்துள் (கூந்தற்பனை) மா வாங்கினேன். மூன்று முறை தலப்ப (இந்த மாவில் கிண்டும் இனிப்புக் களி) கிண்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். அருமையான மா.

சோள மாவைப் போல வெளுத்திருக்கவில்லை, லேசான பழுப்பு. மரத்தண்டின் உள்ளே இருக்கும் சோற்றை இடித்து, நீரில் கரைத்து, அடியில் தெளியவிட்டு எடுப்பதால் வரும் நிறம் அது. ஒரு கோப்பை மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கித்துள் கருப்பட்டி சேர்த்து அடுப்பில் வைத்தேன். "தீயைக் குறைத்துவையுங்கள் டீச்சர், கையை மட்டும் நிறுத்தாதீர்கள்" என்று கடைக்கார அம்மா சொல்லியிருந்தார். முதலில் ஒன்றும் நடக்காது. திடீரென்று அகப்பை கனக்கும். சட்டியின் ஓரத்திலிருந்து மங்கல் விலகி, கூழ் கண்ணாடிபோலத் தெளிந்து வரும்.

உயர்தர வகுப்பில் பல்பகுதியங்களை, அதாவது சிறு அலகுகள் தொடராக இணைந்த பெரிய மூலக்கூறுகளை, கற்பிக்கும் எனக்கு அந்தக் கணம் எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை. மாப்பொருளின் பெரும்பகுதி அமைலோபெக்டின்: ஈர்க்குமாறு போலக் கொத்துக் கொத்தாகக் கிளைத்த மூலக்கூறு. பக்கத்துப் பக்கத்துக் கிளைகள் இரண்டிரண்டாக நூல்போல முறுக்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பிடிப்பவை ஐதரசன் பிணைப்புகள்; மூலக்கூறுக்குள் அணுக்களை இணைக்கும் பங்கீட்டு வலுப் பிணைப்பின் பலம் அவற்றுக்கு இல்லை. ஆகவே சூட்டில் முறுக்கு அவிழ்கிறது, நீர் உள்ளே புகுகிறது, மாப்பொருள் மணிகள் ஊதிப் பிசுக்குமை (கூழின் தடிப்பு) ஏறுகிறது. ஹட்டனின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 96 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். இதற்கு அந்தச் சூடு தாராளம்.

ஆறும்போது கிளறாதீர்கள். பிணைப்புகள் மறுபடி கூடும் நேரம் அது. குலைத்தால் தலப்ப துண்டு போட வராது. மாப்பொருளின் மற்றப் பகுதியான, நேர்ச்சங்கிலி கொண்ட அமைலோசு சில மணி நேரத்தில் முறுக்கிக்கொண்டு இறுகிவிடும், அமைலோபெக்டின் நாட்கணக்கில் மெல்ல இறுகும். மறுநாள் மிஞ்சியதைச் சூடாக்கினேன். ஓரளவு இளகியது, முதல்நாள் வழுவழுப்பு வரவில்லை. அமைலோசின் முறுக்கு அவிழ 100 பாகைக்கு மேல் வேண்டும். திறந்த சட்டியில் அது நடக்காது. ஆகவே அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே கிண்டுங்கள்.

இந்தக் கிளைகளும் முறுக்குகளும் எந்த மாவிலும் உண்டு. ஆனால் நான் சமைத்தவற்றுள் இத்தனை தெளிவாக, இத்தனை இழுவையோடு வந்தது இதுதான். தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றினால் மணமும் தனி.

குறை இரண்டு. வடிகட்டியில் கொஞ்சம் நுண்மணல் தங்கியது. மெல்லிய துணியில் வடிப்பது அவசியம். பொதியில் பொதி செய்த திகதியும் இல்லை. அதை அந்த அம்மாவிடம் நேரில் சொல்வேன். அடுத்த முறை இரண்டு பொதி வாங்க வேண்டும், ஒன்று வகுப்புக்கு.